சனிக்கிழமைக் கூலியும் நான்கு எக்செல் தாள்களும்: மேக்ரோ, ஆப்ஸ் ஸ்கிரிப்ட், பைத்தான் – ஓர் ஒப்பீடு

திருப்பூர்ப் பனியன் நிறுவனங்கள் பலவற்றில் தையல் கூலி பீஸ் ரேட்டில் கணக்கிடப்படுகிறது. யார் எந்த ஸ்டைலில், எந்த சைஸில், எத்தனை உருப்படி தைத்தார் என்பதைப் பிரிவுச் சூப்பர்வைசர் எக்செல் தாளில் ஏற்றுவார். சனிக்கிழமைக்குள் எல்லாத் தாள்களும் ஒன்றாகி, கூலி கணக்கிடப்பட்டு, பணம் கைக்குப் போயாக வேண்டும். நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு பிரிவுகளிலிருந்து நான்கு கோப்புகள் வந்துகொண்டிருந்தன. அவற்றை வெட்டி ஒட்டிச் சேர்ப்பதிலேயே கணக்காளரின் வெள்ளிக்கிழமை இரவு கழிந்தது. இந்த வேலையை நிரலிடம் ஒப்படைப்பது என்று முடிவானதும், எக்செலுக்குள்ளேயே ஓடும் சிறு நிரலான வி.பி.ஏ. மேக்ரோ எழுதுவதா, தாள்களை இணையத்தில் இயங்கும் கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றி அதற்கான ஆப்ஸ் ஸ்கிரிப்ட் நிரல் எழுதுவதா, தாளுக்கு வெளியே நின்று பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதுவதா என்ற கேள்வி எழுந்தது.

இத்தகைய ஒப்பீடுகளில் வேகத்துக்கே முதலிடம் தருவது வழக்கம். நான்கு பிரிவுகளும் சேர்ந்து வாரத்துக்குச் சில ஆயிரம் வரிகள்தாம் வரும் என்கிறபோது, மூன்றில் எதை எடுத்தாலும் வேகம் ஒரு பொருட்டே இல்லை. நிரல் ஓடி முடிந்தபின் அந்தத் தாளை யார் திறப்பார், எதில் கை வைப்பார், எழுதியவன் ஊரில் இல்லாத சனிக்கிழமையில் தவறு நேர்ந்தால் யார் பார்ப்பார் என்பவைதாம் என் அளவுகோல்கள். தாள் மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் மேசையாக இருக்கிறதா, அல்லது தரவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்லும் பெட்டியாக மட்டும் இருக்கிறதா என்பது தெளிவானால், தேர்வில் பாதி முடிந்துவிடும்.

வழிகளைத் தனித்தனியே பார்ப்பதற்கு முன், மூன்றுக்கும் பொதுவான ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். எக்செல் கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. இன்றைய எக்செல் கோப்பு என்பது உண்மையில் எக்ஸ்.எம்.எல். என்ற எழுத்து வடிவக் கோப்புகள் சிலவற்றைச் சுருக்கி வைத்த ஒரு ஜிப் பொதி. அதன் பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே இருப்பதைப் பார்த்துவிடலாம். 0417 என்று தெரியும், தொழிலாளியை அடையாளம் காட்டும் டோக்கன் எண், உள்ளே 417 என்ற எண்ணாகவும், அதை நான்கு இலக்கமாகக் காட்டும் ஒப்பனையாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து படிக்கும் நிரலுக்கு 417தான் கிடைக்கும். எண்ணாக உள்ளிடப்படும் வங்கிக் கணக்கு எண் 15 இலக்கங்களைத் தாண்டினால், மிஞ்சிய இலக்கங்களை எக்செல் பூஜ்ஜியமாக்கிவிடும். அதன்பின் எந்த நிரலாலும் அவற்றை மீட்க முடியாது.

எங்களுக்கு நேர்ந்தது இதனினும் வேடிக்கையானது. குழந்தைகள் ஆடைகளின் சைஸ்கள் வயதைக் கொண்டு 7-8, 9-10, 11-12, 13-14 என்று எழுதப்படுகின்றன. நாள் முன்னும் மாதம் பின்னும் வரும் இந்திய அமைப்பில் உள்ள கணினியில் 9-10 என்று தட்டினால் எக்செல் அதை அக்டோபர் 9 என்று எடுத்துக்கொள்ளும். 11-12 டிசம்பர் 11 ஆகிவிடும். பதினான்காவது மாதம் இல்லாத ஒரே காரணத்தால் 13-14 மட்டும் தப்பிப் பிழைக்கும். 2025ஆம் ஆண்டில் அப்படி மாறிய 9-10இன் கட்டத்துக்குள் 45939 என்ற எண் உட்கார்ந்திருக்கும். எக்செல் தேதிகளை 1900ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள்களாகவே வைத்துக்கொள்கிறது. இது நம் ஊர்ச் சூப்பர்வைசர்களின் கவனக்குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் மரபணுப் பெயர்கள் இப்படிச் சிதைந்திருந்ததை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே இறங்கி வந்து, மார்ச்1 என்ற மரபணுவை மார்ச்எஃப்1 என்றும் செப்ட்1 என்பதைச் செப்டின்1 என்றும் மாற்றிக்கொண்டது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், டோக்கன் எண், கணக்கு எண், சைஸ் ஆகிய நெடுவரிசைகளை முன்கூட்டியே எழுத்து வடிவமாக அமைத்த வெற்றுத் தாளைச் சூப்பர்வைசர்களிடம் கொடுப்பதே முதல் வேலை. நிரல் எழுதுவது அதற்குப் பிறகுதான்.

இனி வி.பி.ஏ. மேக்ரோ. 1993இல் எக்செல் 5உடன் வந்த இந்த மொழி இன்றும் அலுவலகங்களில் உயிரோடு இருப்பதற்குக் காரணம் எளியது: தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. கணக்காளர் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கோப்பிலேயே ஒரு பொத்தானை வைத்துக் கொடுத்துவிடலாம். சூத்திரங்கள், வண்ணங்கள், அச்சு அமைப்பு அனைத்தும் எக்செலின் கையிலேயே இருப்பதால் எதுவும் சிதையாது. நூற்றுக்கணக்கான கூலிச் சீட்டுகளை ஒரே அமைப்பில் அச்சிட வேண்டுமென்றால் இதற்கு இணையான வழியை நான் இன்னும் காணவில்லை.

குறைகளும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. நிரல் கோப்புக்குள்ளேயே குடியிருப்பதால், கோப்பை நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் நிரலும் நகலாகிறது. மூன்று மாதத்தில் நான்கு பிரிவுகளிலும் நான்கு விதமான மேக்ரோ ஓடிக்கொண்டிருக்கும். மேக்ரோ தாளில் செய்த மாற்றத்தைப் பின்வாங்கும் (அன்டூ) கட்டளையால் மீட்க முடியாது என்பதைப் பலர் ஒருமுறை பட்ட பிறகுதான் அறிகிறார்கள். மேலும், இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுத்து வைப்பதால், மின்னஞ்சலில் வந்த கோப்பில் பொத்தானை அழுத்தினால் சிவப்புப் பட்டை ஒன்றுதான் வரும். தடையை நீக்க ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுப்பது, ஆபத்தான மேக்ரோவையும் அப்படியே திறக்கப் பழக்குவதாக முடியும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தாளின் கட்டத்தில் தமிழ் நன்றாக இருக்கும், வி.பி.ஏ. எழுதும் சாளரத்திலோ யூனிகோடுக்கு இடமில்லாததால், “மொத்தம்” என்று தமிழில் எழுதிய சொல் கேள்விக்குறிகளின் வரிசையாக மாறிவிடும். ஒவ்வோர் எழுத்தின் யூனிகோடு எண்ணையும் கொடுத்துச் சொல்லைக் கோக்க வேண்டும், அல்லது தமிழ்ச் சொற்களையெல்லாம் ஒரு தனித் தாளில் எழுதிவைத்து அங்கிருந்து எடுக்க வேண்டும். நான் இரண்டாவதைச் செய்தேன். வேலை நடந்தது, ஆனால் நிரலைப் படிக்கும் அடுத்தவருக்கு அது விடுகதையாக இருந்திருக்கும்.

கூகுள் ஷீட்ஸும் ஆப்ஸ் ஸ்கிரிப்டும் இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்க்கின்றன. தாள் ஒன்றே, நான்கு சூப்பர்வைசர்களும் கைபேசியிலிருந்தே அதில் எழுதலாம், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறும் கூடவே கிடைக்கும். ஆப்ஸ் ஸ்கிரிப்டின் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் எழுத்துகளை அப்படியே எழுதலாம். குறிப்பிட்ட நேரத்தில் தானாக ஓடும்படி அமைத்துவிட்டால், யாரும் பொத்தானை அழுத்தவே தேவையில்லை. எல்லைகளும் உண்டு: ஓர் ஓட்டம் ஆறு நிமிடங்களுக்கு மேல் நீடிக்க முடியாது, ஒரு கோப்பில் ஒரு கோடிக் கட்டங்களுக்கு மேல் இருக்க முடியாது. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் நிரல், சில ஆயிரம் வரிகளிலேயே அந்த ஆறு நிமிடத்தைத் தின்றுவிடும். பரப்பு முழுவதையும் ஒரே அழைப்பில் வாங்கி, நினைவகத்தில் வைத்துக் கணக்கிட்டு, ஒரே அழைப்பில் திருப்பி எழுதினால் அதே வேலை சில நொடிகளில் முடியும். ஒவ்வொரு கட்டமாகத் தொடும் பழக்கம் வி.பி.ஏ.விலும் இதே மந்தத்தைத் தருவதுதான் என்றாலும், அங்கே நேர வரம்பு இல்லாததால் தவறு வெளியே தெரியாமல் போகிறது.

எங்கள் விஷயத்தில் ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் தடுத்தவை இரண்டு. தையல் பிரிவுகளில் இணையம் நம்பும்படி இல்லை. கூலி விவரமும் வங்கிக் கணக்கு எண்களும் வெளிச் சேவையகத்தில் இருப்பதை உரிமையாளர் விரும்பவில்லை. இரண்டாவது காரணத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஏனெனில் அதே விவரங்கள் அதுவரை கடவுச்சொல் எதுவுமின்றிப் பென் டிரைவில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. ஆயினும் அது அவருடைய தரவு, அவருடைய முடிவு.

பைத்தான் என்று வரும்போது அது ஒரு வழியல்ல, இரண்டு வழிகள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். 2008இல் வெஸ் மெக்கின்னி உருவாக்கத் தொடங்கிய பாண்டாஸ் என்ற பைத்தான் தொகுப்பு, தாளை ஒரு தரவு அட்டவணையாக மட்டுமே பார்க்கிறது. சேர்ப்பது, குழுவாக்குவது, கூட்டுவது அனைத்தும் சில வரிகளில் முடியும். வண்ணம், சூத்திரம், அச்சு அமைப்பு எதையும் அது கண்டுகொள்வதில்லை. ஓப்பன்பைஎக்ஸ்எல் என்ற இன்னொரு தொகுப்பு அதற்கு மாறாகக் கோப்பைக் கோப்பாகவே கையாள்கிறது. எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன வண்ணம், என்ன சூத்திரம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும்.

பாண்டாஸ் அதிகமாக உதவ நினைக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். எதுவும் சொல்லாமல் படிக்கவிட்டால், ஒவ்வொரு நெடுவரிசையின் வகையையும் அதுவே முடிவு செய்துகொள்ளும். எண்கள் நிறைந்த நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் டோக்கன் எண் 417 என்பது 417.0 ஆகிவிடும். ஆங்கிலத்தில் என்.ஏ. என்று இரண்டெழுத்து மட்டும் உள்ள கட்டத்தை அது வெற்றிடமாகக் கொள்ளும். ஏற்றுமதிப் பட்டியலில் நமீபியாவின் நாட்டுக் குறியீடு அந்த இரண்டெழுத்துதான் என்பதால், அந்த நாட்டுக்கான ஆர்டர் மட்டும் நாடின்றி நிற்கும். எல்லா நெடுவரிசைகளையும் எழுத்தாகவே படி, வெற்றிடத்தை நீயாக ஊகிக்காதே என்று இரண்டு கட்டளைகளை முதலிலேயே கொடுத்துவிட்டு, எண்ணாக வேண்டியவற்றை மட்டும் பிறகு நாமே மாற்றுவதுதான் பாதுகாப்பு. இணைத்த கட்டங்கள் இன்னொரு தலைவலி. ஐந்து வரிகளை இணைத்து நடுவில் ஸ்டைல் எண்ணை அழகாக எழுதியிருப்பார்கள். நிரலுக்கு முதல் வரியில் மட்டும் அது கிடைக்கும், மற்ற நான்கும் வெறுமையாக வரும். மேலிருந்து கீழாக நிரப்பிவிடலாம் என்றாலும், உண்மையிலேயே எழுத மறந்த வரியும் அப்போது சத்தமின்றி நிரம்பிவிடும்.

ஓப்பன்பைஎக்ஸ்எல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியச் செய்தி, அது சூத்திரங்களைக் கணக்கிடாது என்பது. கோப்பைப் படிக்கும்போது சூத்திரம் வேண்டுமா, எக்செல் கடைசியாகச் சேமித்து வைத்த விடை வேண்டுமா என்று கேட்டுப் பெறலாம். ஆனால் அதே தொகுப்பால் எழுதப்பட்டு, எக்செலில் ஒருமுறையும் திறந்து சேமிக்கப்படாத கோப்பில் விடை என்று எதுவுமே இருக்காது. பழைய கோப்பைத் திறந்து அதே பெயரில் சேமித்தால், அதிலிருந்த வடிவங்களும் பொத்தான்களும் காணாமற்போகக்கூடும். கோப்பின் அளவைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு நினைவகம் பிடிக்கும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. எங்கள் சிறிய கோப்புகளுக்கு அது பொருட்டல்ல, 50 எம்.பி. கோப்பு வைத்திருப்பவர்களுக்குப் பொருட்டு. சூப்பர்வைசர் அனுப்பிய மூலத் தாளின்மேல் நிரல் ஒருபோதும் எழுதக்கூடாது, படிக்க மட்டுமே வேண்டும் என்ற விதியை நான் வகுத்துக்கொண்டது இதனால்தான்.

இந்த ஒப்பீட்டில் நான் எதிர்பாராத இடம் ரூபாயை முழுமையாக்கும் கணக்கு. ஒருவருக்கு வாரக் கூலி ரூ. 1,842.50 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாளில் எழுதும் முழுமையாக்கும் சூத்திரம் அதை 1,843 ஆக்கும். அதே எக்செலுக்குள் ஓடும் வி.பி.ஏ.வின் முழுமையாக்கும் கட்டளை 1,842 என்று சொல்லும். பைத்தானும் பாண்டாஸும் அதையே சொல்லும். சரிபாதியாக நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது அவற்றின் முறை, ஆகவே 1,843.50 என்று வந்தால் எல்லோரும் ஒருமித்து 1,844 என்பார்கள். ஜாவாஸ்கிரிப்ட் கூலியை எக்செல் போலவே மேலே ஏற்றும். ஆனால் பிடித்தத்தை எதிர்மறை எண்ணாக எழுதினால், −2.50ஐ எக்செல் −3 ஆக்க, ஜாவாஸ்கிரிப்ட் −2 ஆக்கும். ஒரு ரூபாய்தானே என்று தோன்றலாம். தன் நோட்டில் தனியாகக் கணக்கு எழுதிவைத்துக்கொண்டு சனிக்கிழமை வரிசையில் நிற்கும் தையல்காரரிடம் இதை விளக்கிப் பாருங்கள். பைத்தானில் இதற்குத் தசம எண்களுக்கென்றே உள்ள வகையைப் பயன்படுத்தி, பாதியை மேலேற்று என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எக்செலோடு ஒத்துப்போகும். வி.பி.ஏ.வில் தாளின் சூத்திரத்தையே அழைத்துக்கொள்ளலாம். எந்த மொழியை எடுத்தாலும், பழைய வாரம் ஒன்றின் கூலியைப் பைசா சுத்தமாக மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்ட பிறகே புதிய நிரலை நம்ப வேண்டும். நாங்கள் ஆறு வாரங்களை ஒப்பிட்டோம். மூன்று வாரங்களில் வேறுபாடு இருந்தது, அவற்றில் ஒன்றில் தவறு பழைய தாளில் இருந்தது.

பெயர்களைக் கொண்டு தாள்களை இணைக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழில் “கொ” என்ற எழுத்தில் வரும் உயிர்க்குறியை, மெய்யோடு ஒற்றைக் குறியீடாகவும் சேர்க்கலாம், கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு இரண்டும் வேறு. கொடிமுல்லை என்ற ஒரே பெண் இரண்டு கூலி வாங்குபவராகவோ, கூலியே இல்லாதவராகவோ பட்டியலில் தோன்ற இது போதும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை உள்ளேயே இருக்கிறது, வி.பி.ஏ.வில் அப்படி நேரடியான கட்டளை இல்லை. “ஔ” என்பதற்குப் பதிலாக “ஒ”வையும் “ள”வையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தால் அந்தக் கட்டளைகளாலும் ஒன்றும் செய்ய முடியாது. பெயரைக் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு டோக்கன் எண்ணால் இணைப்பதே நல்லது. இதோடு தொடர்புடைய சிறு செய்தி ஒன்று: தமிழுள்ள சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) கோப்பைப் பைத்தானிலிருந்து எழுதினால், தொடக்கக் குறியுடன் கூடிய யு.டி.எஃப்-8 வடிவில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அதை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறப்பவருக்குத் தமிழுக்குப் பதில் புரியாத குறிகளே தெரியும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எக்செல் 2016 முதல் உள்ளேயே இருக்கும் பவர் குவரி, ஒரு கோப்புறையிலுள்ள கோப்புகளையெல்லாம் ஒன்றாக்கும் வேலையை நிரலே எழுதாமல் செய்து தரும். உங்கள் தேவை சேர்ப்பதும் கூட்டுவதும் மட்டும் என்றால் இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகளை மறந்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம். எக்செலுக்குள்ளேயே பைத்தான் எழுதும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்தது. ஆனால் அது மைக்ரோசாஃப்டின் சேவையகத்தில் ஓடுவது, உங்கள் கணினியிலுள்ள மற்றக் கோப்புகளை அதனால் நேராகத் தொட முடியாது என்பதால் எங்களுக்கு அது பயன்படவில்லை.

தரவு பெருகிக்கொண்டே போகும் இடங்களில் தாளைச் சேமிப்புக் கிடங்காக வைத்துக்கொள்வதே தவறு. இன்றைய எக்செல் தாளில் 10,48,576 வரிகள் அடங்கும். பழைய வடிவக் கோப்பில் 65,536தான். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாள்களில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 15,841 கொரோனா தொற்றுகளை அன்றாடக் கணக்கில் தவறவிட்டதற்கு, பழைய வடிவக் கோப்பு நிரம்பியபின் வந்த வரிகள் விழுந்துபோனதே காரணம். எங்கள் நான்கு பிரிவுகள் அந்த அளவை எட்டப் பல ஆண்டுகள் ஆகும் என்றாலும், ஒவ்வொரு வாரத்தின் சரிபார்த்த தரவையும் எஸ்.க்யூ.லைட் என்ற தரவுத்தளக் கோப்பு ஒன்றில் சேர்த்து வருகிறோம். கடந்த தீபாவளிக்கு முந்தைய வாரம் யார் எவ்வளவு தைத்தார் என்று கேட்டால், ஐம்பது கோப்புகளைத் திறக்காமல் பதில் கிடைக்கிறது.

முடிவாக நாங்கள் தேர்ந்தது கலப்பு முறை. சூப்பர்வைசர்கள் எக்செலிலேயே எழுதுகிறார்கள். பாண்டாஸ் அந்தக் கோப்புகளை எழுத்தாகப் படித்து, டோக்கன் இல்லாத வரி, ரேட் இல்லாத ஸ்டைல், தேதியாக மாறிய சைஸ் ஆகியவற்றைத் தனிப்பட்டியலாகத் தருகிறது. அந்தப் பட்டியல் காலியாகும்வரை கூலித் தாள் உருவாகாது. உருவாகும் கூலித் தாளை எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் என்ற தொகுப்பால் புதிதாக எழுதுகிறோம். வெறும் விடைகளை எழுதாமல் சூத்திரங்களாகவே எழுதுவதால், கணக்காளர் எந்தக் கட்டத்தையும் சொடுக்கி, தொகை எப்படி வந்தது என்று தாமே பார்த்துக்கொள்கிறார். முதல் வாரத்தில் அவர் அதைக் கைபேசியின் முன்காட்சியில் திறந்து, எல்லா மொத்தங்களும் பூஜ்ஜியமாக இருப்பதைக் கண்டு பதறிப்போனார். அந்தத் தொகுப்பும் சூத்திரங்களைக் கணக்கிடுவதில்லை. நாமாக விடையைக் கொடுக்காவிட்டால் பூஜ்ஜியத்தை எழுதி வைக்கும், எக்செல் திறக்கும்போதுதான் உண்மையான விடை வரும், கைபேசி முன்காட்சிக்கு அந்தத் திறன் இல்லை. இப்போது சூத்திரத்தோடு பைத்தான் கணக்கிட்ட விடையையும் சேர்த்தே எழுதுகிறோம்.

கூலிச் சீட்டு அச்சிடுவதற்குப் பழைய வி.பி.ஏ. மேக்ரோ அப்படியே இருக்கிறது; அது கணக்காளரின் கணினியில் ஒரே ஒரு கோப்பில் மட்டும் வாழ்கிறது. அடுத்த ஆண்டு புதிய கட்டடத்தில் நல்ல இணையம் வந்து, உரிமையாளரின் மனமும் மாறினால், உள்ளீட்டுத் தாள்களை மட்டும் கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றும் எண்ணம் இருக்கிறது. சைஸ் நெடுவரிசையை எழுத்து வடிவமாக அமைக்கும் வேலை அங்கேயும் முதலில் செய்ய வேண்டியதுதான்.